விசுவலைசர்ல லைட் எரியல்ல, ஆடுது, திரும்பி நிக்குது: எங்க பிழை எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிற?

போன ஆடி மாசம் மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கம் ஒரு கோயில் முன்றல்ல வடமோடிக் கூத்து, வட்டக்களரி, அதாவது வட்டமான ஆடுகளம், சுத்திவர சனம். நான் கல்லடியில வீட்டுல இருந்து ரெண்டு ராவு முழிச்சு லப்டொப்புல விசுவலைசர்ல (மேடையையும் லைட்டையும் முன்கூட்டியே 3டில காட்டுற சொஃப்ட்வெயர்) களரிய வரைஞ்சு, லைட்டெல்லாம் தொங்கவிட்டு, கியூ (எப்ப எந்த லைட் என்ன செய்யணும் எண்ட கட்டளை) எல்லாம் எழுதி வச்சிருந்தன், ஸ்க்ரீன்ல பாக்க அவ்வளவு வடிவா இருந்திச்சு. அங்க போய் கேபிள் குத்திப் போட்டுப் பாத்தா நாலு பீம் லைட்டுல ரெண்டு வானத்தப் பாத்துக்கிட்டு நிக்குது, ஒண்டு டிம்மர, அதான் வெளிச்சத்த, கூட்டினா தலையாட்டுது, மற்றது எரியவே இல்ல. கூத்துத் தொடங்க ஒண்டரை மணித்தியாலம்தான் கிடக்கு, அந்த நேரம் முழுக்க நான் கியூவ மாத்தி மாத்தி எழுதினன், பிழை கியூவிலயே இல்ல. லைட்டுல மோட் ஒண்டு, பைல்ல மோட் வேற, அவ்வளவுதான் விசயம். மோட் எண்டா லைட் எத்தின சனல, அதாவது வெளிச்சம், கலர், அசைவு எண்டு ஒவ்வொரு வேலைக்கும் நம்பர் போற வழிய, எந்த வரிசையில கேக்கும் எண்ட செட்டிங்.

அதுக்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வச்சிருக்கன். எந்தப் பிழை வந்தாலும் ஷோ பைல்ல (லைட், அட்ரஸ், கியூ எல்லாம் எழுதின பைல்) கைவைக்க முதல் பிழை மூண்டு இடத்துல எங்க எண்டு பாத்துருவன்: பைல்லயா, வயர்லயா, லைட்டுலயா. பாக்கிற விதம் லேசு, ஒரே ஒரு லைட்ட எடுங்க, அதுட டிம்மர் சனல மட்டும் கையால 0ல இருந்து 255க்குக் கொண்டு போங்க. ஸ்க்ரீன்லயும் சரி நேர்லயும் சரி, என்ன அசையுது எண்டு பாருங்க. ஸ்க்ரீன்ல சரியாவும் நேர்ல பிழையாவும் இருந்தா பைல்ல இருக்கிறதும் லைட்டுல இருக்கிறதும் ஒத்துவரல்ல, இல்லாட்டி வயர்ல பிழை, ஸ்க்ரீன்லயே பிழை எண்டா நெட்வேர்க்க அல்லது ஃபிக்ஸர் பைல (ஒரு லைட்டுட மோட், சனல் விவரம் இருக்கிற பைல்) பாக்கணும். கீழ நான் கண்ட ஒவ்வொரு கோளாறையும் அது கண்ணுக்கு எப்பிடித் தெரியுமோ அப்பிடியே எழுதுறன், உங்களுக்கு நடக்கிறது எதோ அதுக்கு நேராப் போங்க.

ஸ்க்ரீன் முழுக்க இருட்டு, ஒண்டுமே எரியல்ல

நெட்வேர்க்கப் பாக்க முதல் ஷட்டரப் பாருங்க. மூவிங் ஹெட் லைட்டுல (தலை திரும்புற லைட்) டிம்மர் 255ல இருந்தாலும் ஷட்டர் மூடியிருந்தா வெளிச்சம் வராது, விசுவலைசரும் அத அப்பிடியே காட்டும். கிராண்ட் மாஸ்டர் (எல்லா லைட்டையும் ஒண்டாக் கூட்டிக் குறைக்கிறது) கீழ கிடக்கா, பிளக்அவுட் (எல்லாத்தையும் அணைக்கிற பொத்தான்) அமத்தியிருக்கா எண்டதையும் பாத்துருங்க. இது எல்லாம் சரி எண்டா மட்டும் மேல போங்க.

கன்ட்ரோல் சொஃப்ட்வெயரும் விசுவலைசரும் ஒரே லப்டொப்புலயா ஓடுது? டி.எம்.எக்ஸ் எண்டது லைட்டுக்குக் கட்டளை போற மொழி, அத நெட்வேர்க்கால அனுப்பிற ஒரு முறைதான் ஆர்ட்-நெட், அது யூ.டி.பி 6454 போர்ட்ட பாவிக்கிற, ரெண்டு புரோகிராமும் அதே போர்ட்டத்தான் கேக்கும், சில புரோகிராம் பங்கு போடும், சிலது விடாது, முதல்ல திறந்தது பிடிச்சு வச்சுக்கொள்ளும். அப்பிடி நடந்தா ரெண்டையும் மூடிப்போட்டு விசுவலைசர முதல்ல திறந்து பாருங்க, இல்லாட்டி எஸ்.ஏ.சி.என்னுக்கு மாத்திப் பாருங்க, அதுவும் அதே வேலைக்கான இன்னொரு முறை, 5568ல ஓடுற. அனுப்பிற இடத்துல 127.0.0.1 எண்டு குடுத்தும் பாக்கலாம், அது லப்டொப் தனக்குத்தானே அனுப்பிற விலாசம்.

ரெண்டு லப்டொப் எண்டா வைஃபைய நிப்பாட்டிப்போட்டு நேரடியா ஒரு நெட்வேர்க் கேபிளக் குத்துங்க. வைஃபை ஓன்ல கிடந்தா சொஃப்ட்வெயர் அதுக்குள்ளால டேட்டாவ அனுப்பிக்கிட்டே இருக்கும், கேபிள்ல ஒண்டும் வராது, நான் இதுல கனதரம் மாட்டுப்பட்டிருக்கன். ஒண்டுக்கு 2.0.0.1, மற்றதுக்கு 2.0.0.2, ரெண்டுக்கும் மாஸ்க் 255.0.0.0 எண்டு கையால குடுங்க. பிறகு விண்டோஸ் ஃபயர்வோல். புதுக் கேபிள் ஒண்டு குத்தினா விண்டோஸ் அத பப்ளிக் நெட்வேர்க் எண்டு எடுத்துக்கொள்ளும், அப்ப வாற டேட்டாவ மறிச்சிரும். ஃபயர்வோல முழுசா நிப்பாட்ட வேணா, அந்த ரெண்டு புரோகிராமுக்கும் பிரைவேட் பப்ளிக் ரெண்டுலயும் அனுமதி குடுத்தாப் போதும்.

இதெல்லாம் செஞ்சும் வரல்ல எண்டா யூனிவேர்ஸ் நம்பர், யூனிவேர்ஸ் எண்டா 512 சனல் சேந்த ஒரு தொகுதி. ஆர்ட்-நெட் 0ல இருந்து எண்ணுற, எஸ்.ஏ.சி.என் 1ல இருந்து எண்ணுற, சில சொஃப்ட்வெயர் ஆர்ட்-நெட்டயும் 1 எண்டு காட்டும். ஒரு பக்கம் 1 மற்றப் பக்கம் 0 எண்டு கிடந்தா டேட்டா போகுது ஆனா பக்கத்து வீட்டுக் கதவத் தட்டுது. ஒண்டு கூட்டி அல்லது ஒண்டு குறைச்சுப் பாருங்க, உடன எரியும்.

கிராண்ட்எம்ஏ3 ஒன்பிசி எண்ட லைட் கன்ட்ரோல் சொஃப்ட்வெயர காசில்லாம இறக்கிப் பழகிற பிள்ளைகளுக்கு ஒரு சொல்: அதுக்குள்ள இருக்கிற 3டி நல்லா வேலை செய்யும், ஆனா அவங்கட ஹார்ட்வெயர் ஒண்டும் குத்தாம வெளிய டி.எம்.எக்ஸ் வராது. அது பழுது இல்ல, அப்பிடித்தான் செஞ்சிருக்காங்க. கைல காசில்லாம வெளியயும் அனுப்பிப் பழகணும் எண்டா கியூ.எல்.சி பிளஸ் இருக்கு, அதுட 5ஆம் பதிப்புல 3டியும் வந்திட்டு. பிளெண்டர் தெரிஞ்சவங்க பிளெண்டர் டி.எம்.எக்ஸ் எண்ட அட்ஒனப் போட்டுப் பாருங்க, அதுவும் இலவசம், ஆர்ட்-நெட்டும் எஸ்.ஏ.சி.என்னும் எடுக்கும்.

எரியுது, ஆனா டிம்மரக் கூட்டினா தலையாட்டுது, கலர மாத்தினா கோபோ (வெளிச்சத்துல உருவம் விழுத்துற தகடு) சுத்துது

இது மோட் பிழை. நூத்துக்கு நூறு இதுதான் எண்டு நினைச்சு முதல்ல இதப் பாருங்க.

எங்கட பக்கம் வாடகைக்கு வாற 230 வொட் பீம் லைட்டுகள எடுங்க. அதுல அனேகமா 16 சனல் மோட்டும் இருக்கும் 20 சனல் மோட்டும் இருக்கும், லைட்டுட பின்னுக்குள்ள சின்ன டிஸ்பிளேல மெனுவ அமத்திப் பாத்தா தெரியும். பைல்ல நான் 16 எண்டு போட்டு அட்ரஸ் (ஒவ்வொரு லைட்டுட முதல் சனல் நம்பர்) 1, 17, 33, 49 எண்டு குடுத்திருக்கன். வந்த லைட் 20ல கிடக்கு. அப்ப முதலாம் லைட் 1ல இருந்து 20 வரைக்கும் காதக் குடுத்துக்கிட்டு இருக்கு, ரெண்டாம் லைட்டுக்கு நான் அனுப்பிற 17, 18, 19, 20 நாலு சனலயும் இதுவும் கேக்குது. ரெண்டாம் லைட்ட கலர் மாத்தினா முதலாம் லைட் துள்ளுறது இதாலதான். 20ல விடுற எண்டா அட்ரஸ் 1, 21, 41, 61 எண்டு வரணும்.

எந்தப் பக்கத்த மாத்திற? நேரம் இருந்தா பைல மாத்துங்க, நேரம் இல்ல, லைட் இன்னும் கீழ கிடக்கு எண்டா லைட்டுல மாத்துங்க, அது ஒண்டுக்கு ஒரு நிமிசம். ட்ரஸ் (லைட் தொங்கவிடுற சட்டம்) மேல ஏத்தின பிறகு ஏணி வச்சு ஏறி மாத்திறதவிட பைல மாத்திறது எவ்வளவோ மேல். ஒரு யூனிவேர்ஸுக்கு 512 சனல் எண்டது 1986ல டி.எம்.எக்ஸ் வந்த நாள்ல இருந்து மாறல்ல, அதால 16 சனல்ல 32 லைட் சரியா அடங்கும், 20 சனல்ல 25தான், மிச்சம் 12 சனல் சும்மா கிடக்கும். மோட்ட மாத்த முதல் இந்தக் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்க, இல்லாட்டி கடைசி லைட் ரெண்டாம் யூனிவேர்ஸுக்குள்ள விழுந்திரும்.

நான் இப்ப வாடகைக்குக் குடுக்கிறவருக்கு ரெண்டு நாளைக்கு முதலே போன் எடுத்து, "அண்ணன், லைட்டுட மெனுவத் திறந்து மோட் தெரியிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" எண்டு கேப்பன். லைட்டுட பேர் எனக்கு முக்கியமில்ல, ஒரே பேர்ல ஒரே பெட்டிக்குள்ள வேற வேற உள்ளுடம்போட லைட் வாற காலம். சனல் லிஸ்ட் போட்டோதான் வேணும்.

அசைவு தெத்தித் தெத்திப் போகுது எண்டாலும் மோட்டத்தான் பாக்கணும். பான் (இடம் வலமாத் திரும்பிறது) 540 பாகை சுத்திற லைட் எண்டு வைங்க, 8 பிட்டுல அத 255 படியாப் பிரிக்கும், ஒரு படி 2.1 பாகை. 15 மீற்றர் தூரத்துல அந்த ஒரு படி கிட்டத்தட்ட 55 சென்ரிமீற்றர், ஆடுறவர்ட முகத்துல இருந்து வெளிச்சம் தோளுக்கு விழுந்திரும். 16 பிட் மோட்டுல 65,535 படி, வழுக்கிக்கிட்டுப் போகும். விசுவலைசர் சிலது 8 பிட்டையும் இழைச்சு அழகாக் காட்டும், அத நம்பாதீங்க.

ஸ்க்ரீன்ல மேடையப் பாக்குது, நேர்ல வானத்தப் பாக்குது

தொங்கவிட்டதா நிமித்தி வச்சதா எண்டதுதான் கேள்வி. பைல்ல ட்ரஸ்ஸுல தலைகீழாத் தொங்குது, அங்க போனா ட்ரஸ் வரல்ல, லைட்ட தரையில வச்சிட்டாங்க. ஷோ பைல அழிக்க வேணா, அந்த லைட்ட விசுவலைசர்ல 180 பாகை திருப்பி தரையில வச்சுப்போட்டு பொசிஷன் பிரிசெட்ட (லைட் எங்க பாக்கணும் எண்டு சேவ் பண்ணி வச்ச நிலை) மட்டும் திரும்ப எழுதுங்க. கியூ எல்லாத்தையும் பிரிசெட்ட வச்சு எழுதியிருந்தா நாலஞ்சு பிரிசெட்டோட வேலை முடிஞ்சுது. நேரடி நம்பர வச்சு எழுதியிருந்தா ராவைக்கு நித்திரை இல்ல. இடமும் வலமும் மாறி நிண்டா பான் இன்வேர்ட் (திசைய எதிராக்கிற செட்டிங்), முன்னும் பின்னும் மாறி நிண்டா டில்ட் இன்வேர்ட். ஆனா லைட்டுட மெனுவிலயும் இன்வேர்ட் போட்டு சொஃப்ட்வெயர்லயும் போட்டா ரெண்டும் வெட்டுப்பட்டுப் போகும், ஒரு இடத்துல மட்டும் வைங்க, நான் எப்பவும் சொஃப்ட்வெயர்ல மட்டுந்தான்.

எம்.வி.ஆர் பைல் திறக்குது, லைட்டக் காணல்ல

இப்ப வாற சொஃப்ட்வெயர்ல எனக்குப் பெரிய உதவி எம்.வி.ஆரும் ஜி.டி.டி.எஃப்பும்தான். முந்தி ஒவ்வொரு சொஃப்ட்வெயருக்கும் லைட்ட வேற வேறயா எழுதணும், ஒண்டுல வரைஞ்சத மற்றதுல திரும்ப வரையணும். 2018ல எம்ஏ லைட்டிங், ரோப், வெக்டர்வேர்க்ஸ் மூண்டு பேரும் சேந்து ஜி.டி.டி.எஃப்ப வெளிய விட்டாங்க, ஒரு லைட்டுட உருவம், மோட், சனல், கலர் சில்லு, கோபோ படம் எல்லாம் ஒரே பைல்ல. எம்.வி.ஆர் எண்டது முழு மேடையும் லைட்டுகளும் சேந்த பொதி.

அது திறந்து லைட் வரல்ல, அல்லது வெள்ளைப் பெட்டியா மட்டும் வருது எண்டா ஒரு வேலை செய்ங்க. பைல ஒரு கொப்பி எடுத்து கடைசில இருக்கிற எம்.வி.ஆர் எண்ட எழுத்த சிப் எண்டு மாத்தித் திறந்து பாருங்க. அது உள்ளுக்க ஒரு சிப் பைல்தான். ஜெனரல் சீன் டிஸ்கிரிப்ஷன் எண்டு ஒரு எக்ஸ்.எம்.எல் பைல் இருக்கும், பக்கத்துல நீங்க பாவிச்ச ஒவ்வொரு வகை லைட்டுக்கும் ஒரு ஜி.டி.டி.எஃப் பைல் இருக்கணும். பீம் லைட்டுட ஜி.டி.டி.எஃப் அங்க இல்ல எண்டா பிழை எடுக்கிற சொஃப்ட்வெயர்ல இல்ல, அனுப்பினதுல. ஜி.டி.டி.எஃப்பும் அதே மாதிரி சிப்தான், திறந்தா டிஸ்கிரிப்ஷன் எக்ஸ்.எம்.எல் ஒண்டு, மொடல்ஸ் எண்டு ஒரு போல்டர், வீல்ஸ் எண்டு ஒரு போல்டர். கோபோ எல்லாம் வெறும் வட்டமா வருது எண்டா வீல்ஸ் போல்டர் வெறுமையாக் கிடக்கும், போய்ப் பாருங்க.

ஜி.டி.டி.எஃப் ஷெயார் தளத்துல எடுக்கக்குள்ள கம்பனி போட்டதா பாவிக்கிறவங்க போட்டதா எண்டு பாத்து எடுங்க. பேரில்லாத சீன லைட்டுகளுக்கு அனேகமா ஒண்டும் கிடைக்காது, அப்ப சனல் வரிசை ஒத்துவாற ஒண்ட எடுத்து மோட்ட நீங்களே திருத்துங்க, அதுக்கான பில்டரும் அந்தத் தளத்துலயே இருக்கு. உருவம் கொஞ்சம் வேற மாதிரி இருந்தாப் பரவால்ல, சனல் வரிசை மாறக் கூடாது.

லைட் சரி, மேடை ஒரு நெருப்புப் பெட்டி அளவுல கிடக்கு எண்டா அளவுப் பிழை. எம்.வி.ஆர் மில்லிமீற்றர்ல பேசுற. எங்கட மேசன்மாரும் பந்தல்காரரும் அடியில பேசுற. 24க்கு 16 அடி மேடை எண்டா 7315க்கு 4877 மில்லிமீற்றர், ஒரு அடிக்கு 304.8 எண்டு பெருக்கிக்கொள்ளுங்க. வரையிற சொஃப்ட்வெயர் மீற்றர்ல வெளிய விட்டு விசுவலைசர் அத மில்லிமீற்றர் எண்டு வாசிச்சா ஆயிரத்துல ஒரு பங்காச் சுருங்கும்.

புதுப் பதிப்புகள்ல எம்.வி.ஆர் எக்ஸ்சேஞ்ச் எண்டு ஒண்டு வந்திருக்கு, பைல சேவ் பண்ணி பென் டிரைவ்ல ஏத்தத் தேவையில்ல, நெட்வேர்க்குக்குள்ளாலயே ரெண்டு சொஃப்ட்வெயரும் மேடையக் குடுத்து வாங்கும். ஒண்ட ஒண்டு காணல்ல எண்டா ரெண்டுலயும் குரூப் பேர் ஒண்டா எண்டு பாருங்க, பிறகு மேல சொன்ன ஃபயர்வோல்.

முன்னால இருந்து பாத்தா வடிவு, மற்றப் பக்கத்துச் சனத்துக்கு ஒண்டும் தெரியல்ல

இத ஒரு சொஃப்ட்வெயரும் பிழை எண்டு காட்டாது. அதாலதான் கனக்க எழுதுறன்.

விசுவலைசர திறந்தா அனேகமா கமரா முன்னுக்கு நிக்கும். அது படச்சட்ட மேடைக்கு (சனம் முன்னால மட்டும் இருந்து பாக்கிற மேடை) செஞ்ச பார்வை. எங்கட கூத்தும் 1960கள்ல பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு போன பிறகு படச்சட்ட மேடைக்குப் பழகினதுதான், கல்லடியில விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துல மேடைல பாக்கக்குள்ள முன் கமரா போதும். ஆனா ஊருக்குள்ள கூத்து இண்டைக்கும் வட்டக்களரில ஆடுற கூத்துத்தான், முன் எண்டு ஒரு பக்கமே இல்ல. அண்டைக்கு மோட்டையெல்லாம் சரிபண்ணி கூத்துத் தொடங்கி வரவுப் பாட்டு முடிய அண்ணாவியார் (கூத்துப் பழக்கிற ஆசான்) என்னைக் கூப்பிட்டு, "மகன், கிழக்குப் பக்கம் இருக்கிற சனத்துக்கு ராசாட முதுகுதான் கா வெளிச்சமாத் தெரியுது, முகம் இருட்டு" எண்டார். நான் ஸ்க்ரீன்ல பாத்த ஒரு பார்வைல மட்டும் முகம் வெளிச்சமா இருந்திச்சு.

இப்ப நான் களரிக்கு நாலு கமரா வைக்கிறன், நாலு திசையிலயும், ஒவ்வொண்டும் தரையில இருந்து 80 சென்ரிமீற்றர் உயரத்துல, ஏனெண்டா சனம் பாயில இருக்கும். அந்த உயரத்துல வச்சுப் பாத்த உடன வேற ரெண்டு பிழை தெரியும். ஒண்டு, எதிர்ப் பக்கத்துக் கம்பத்துல கட்டின லைட் நேரா இவங்கட கண்ணுக்குள்ள அடிக்கும். கமராவுக்குள்ள லைட்டுட வாய் தெரியுதா எண்டு பாருங்க, தெரிஞ்சா லைட்ட உயத்தி இன்னும் செங்குத்தா இறக்குங்க. மற்றது, செங்குத்தா இறக்கினா வடமோடி ராசாட முடி முகத்துக்கு நிழல் போடும். இதுக்கு நடுவுல ஒரு கோணத்தப் பிடிக்கணும், எனக்கு 50 பாகை அளவுல சரிவருது, நாலு கம்பம், கம்பத்துக்கு ரெண்டு பார் லைட் (அசையாம நிக்கிற லைட்). விசுவலைசர்ல ஒரு மனிச உருவத்துக்கு அகலமான முடியும் கரப்புடுப்பும் அளவுக்கு ஒரு பெட்டியும் ஒரு கூம்பும் வச்சா நிழல் எங்க விழும் எண்டு வீட்டுலயே தெரிஞ்சிரும், வடிவா இருக்கணும் எண்டில்ல, அளவு சரியா இருந்தாப் போதும்.

முடியிலயும் உடுப்பிலயும் ஒட்டின கண்ணாடித் துண்டு நேர்ல தெறிக்கிற தெறிப்ப நான் பாவிக்கிற விசுவலைசர் காட்டுறல்ல. தீப்பந்தக் காலத்துல அந்தக் கண்ணாடிதான் லைட்டிங். அதுக்குப் பீம் அடிச்சா சனத்துட கண்ணெல்லாம் கூசும், மெல்லிசா, 20, 30 வீதத்துல குடுங்க.

லப்டொப் இழுபடுது, படம் நிண்டு நிண்டு போகுது

பீம்மையும் புகையையும் கணக்குப் போடுறதுதான் பாரம். ஹேஸ் (மெல்லிய புகை) தரத்தையும் நிழலையும் குறைங்க, புரோகிராம் பண்ணக்குள்ள அழகு தேவையில்ல. விண்டோஸ் செட்டிங்ஸ்ல டிஸ்பிளே, கிராபிக்ஸ் எண்டு போய் விசுவலைசர ஹை பெர்ஃபோமன்ஸ்ல வைங்க, இல்லாட்டி நல்ல கிராபிக்ஸ் காட் இருந்தும் சின்னதுல ஓடும். சார்ஜர் குத்தாம பற்றரில ஓடினாலும் வேகம் குறையும்.

ஸ்க்ரீன்ல பீம் கோடு கோடாத் தெரியுது, நேர்ல வட்டம் மட்டும் விழுது

விசுவலைசர்ல புகை எப்பவும் நிறைஞ்சு நிக்கும். கல்லடிக் கடற்கரையில கச்சான் காத்துல புகை மெசின் போட்டா அடுத்த நிமிசம் புகை இல்ல. வெளி மேடை எண்டா விசுவலைசர்ல ஹேஸ 0க்குக் கொண்டு போய் ஒருதரம் முழு ஷோவையும் ஓட்டிப் பாருங்க. அப்பவும் மேடைல ஆள் தெரியுதா, கலர் விழுதா? அதுதான் உங்களுக்குக் கிடைக்கப் போற ஷோ. கலரும் அப்பிடித்தான், சிவப்பு பச்சை நீலம் மூண்டும் கலந்து வாற வெள்ளை ஸ்க்ரீன்ல பால் மாதிரி இருக்கும், எங்கட தோலுக்கு அடிச்சா சாம்பல் பூத்துப் போகும். முகத்துக்கு வெள்ளை எல்.ஈ.டி அல்லது அம்பர் சேந்த பார் கேளுங்க, கிடைக்கல்ல எண்டா நீலத்த நல்லாக் குறைச்சுப் பாருங்க.

வீட்டுல எல்லாம் சரி, அங்க போனா மினுக்கு மினுக்கெண்டு துடிக்குது

ரெண்டு விதம் இருக்கு. ரெண்டு காட்சிக்கு இடையில பாயுது எண்டா ரெண்டு பேர் ஒரே யூனிவேர்ஸுக்கு அனுப்புறாங்க, உங்கட லப்டொப்பும் அங்க இருக்கிற கொன்சோலும் (லைட் கன்ட்ரோல் மேசை). ஆர்ட்-நெட்ட டி.எம்.எக்ஸ்ஸா மாத்திற பெட்டி ரெண்டையும் கலக்கும், கூடின நம்பர் வெல்லுற மாதிரி வச்சிருந்தா பான் டில்ட் எல்லாம் தாறுமாறாப் போகும். ஒண்ட நிப்பாட்டுங்க. எஸ்.ஏ.சி.என் எண்டா பிரயோரிட்டி 0ல இருந்து 200 வரைக்கும், சும்மா விட்டா 100, உங்கடத 150 ஆக்கினா மற்றது ஒதுங்கும்.

ஒழுங்கில்லாமத் துடிக்குது எண்டா அது வயர். மைக் கேபிள டி.எம்.எக்ஸ்ஸுக்குப் பாவிக்கிற பழக்கம் எங்கட பக்கம் கூட, கிட்டத்துக்குத் தாங்கும், நீளம் கூடக்கூட குழப்பும். ஒரு வரிசையில 32 லைட்டுக்கு மேல போகாதீங்க, கடைசி லைட்டுட வெளிப்போற ஓட்டையில டெர்மினேட்டரக் குத்துங்க. ஒரு எக்ஸ்.எல்.ஆர் பிளக்குக்குள்ள ரெண்டாம் மூண்டாம் பின்னுக்கு இடையில 120 ஓம் ரெசிஸ்டர் ஒண்டப் பத்தவச்சா டெர்மினேட்டர் சரி. பிறகு பிளக்கக் கழட்டி பின்னப் பாருங்க, உப்புக் காத்துல பச்சை பூத்திருக்கும், கடற்கரையில ஒரு வருசம் ஓடின கேபிள்ல இது நிச்சயம். கொன்டக்ட் கிளீனர் அடிச்சு துடைச்சுக் குத்துங்க. அப்பவும் துடிச்சா வரிசைய நடுவுல கழட்டுங்க, முதல் பாதி மட்டும் ஓடட்டும், துடிப்பு நிண்டா பழுது மற்றப் பாதியில, அதத் திரும்பப் பாதியாக்குங்க. பதினாறு லைட் வரிசையில நாலு தரத்துக்குள்ள பழுதான கேபிள் கைக்கு வந்திரும்.